லைட் ஆடிய இடங்கள்

“பாரு, மறுபடியும் ஆட்டிட்டா!”

லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணத்தை நிறுத்திவிட்டு, சாலமன் ஒற்றை விரலால் எக்ஸெல் கட்டத்தில் தட்டினார். ‘14.22 - லைட் ஆட்டம்.’

பின்னால் உட்கார்ந்திருந்த மகள் மஞ்சுவுக்குச் சுருக்கென்றது. ஆட்டியது யார் என்று அவர் சொல்லத் தேவையில்லை. பழவேற்காட்டைச் சுற்றி நடந்த கல்யாணங்களை எல்லாம் இருபது வருஷம் வீடியோ எடுத்தவர் சாலமன். பக்கத்தில் நின்று லைட் பிடித்தவள் அவர் மனைவி பிலோமினா. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாத தொழில், அதனால் பெண்டாட்டியே ஆள்.

அம்மா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. சுவரில் மாலையோடு இருப்பது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம், அதில் முகம் உர்ரென்று இருக்கும். ஊரையே படம் பிடித்த வீட்டில் அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. நேரிலும் அவள் வாய்விட்டுச் சிரித்தவள் இல்லை. தோள் குலுங்கும், அவ்வளவுதான்.

இந்த லிஸ்டை ஆரம்பித்து வைத்ததே மஞ்சுதான். அப்பா தனியாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாரே என்று, உப்புக் காற்றில் கெட்டுப்போய்க்கொண்டிருந்த சிடிக்களை எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றச் சொன்னாள். எக்ஸெல்லில் கட்டமும் போட்டுக் கொடுத்தாள். எண், மாப்பிள்ளை, பொண்ணு, ஊர், தேதி. கீறல் விழுந்து படம் நிற்கிற இடத்தைக் குறித்து வைக்கக் கடைசியாக ஒன்று: ‘பிழை’.

மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேச ஒரு ஆள் இல்லாத வீட்டில், விடிந்ததும் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அம்பத்தூருக்கு வந்து எங்களோடு இரு என்று மகள் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான்: “லிஸ்டு முடியட்டும் மா.” இன்று கையோடு கூட்டிப்போயே தீருவது என்று வந்திருந்தாள்.

“இரு, டீ போட்டு எடுத்தாறேன்” என்று அவர் எழுந்து போனார். மஞ்சு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, லிஸ்டை மேலிருந்து பார்த்தாள்.

நூற்று எண்பத்தேழு சிடி. பிழைக் கட்டத்தில் கீறல் என்று ஒரு வார்த்தை இல்லை. லைட் ஆட்டம், லைட் ஆட்டம், லைட் பெரிய ஆட்டம். பெரிய ஆட்டத்துக்கெல்லாம் மஞ்சள் வேறு பூசி வைத்திருந்தார்.

நாற்பத்தொன்றாம் நம்பரைத் திறந்தாள். லைட்ஹவுஸ் குப்பம், அர்ஜுனன்–சுதா. சினிமாப் பாட்டு அலற, மாலையைத் தூக்கிய மாப்பிள்ளை தும்மிவிட்டார். மாலை பொண்ணின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. உடனே வெளிச்சம் எகிறி, பந்தல் கூரைக்குப் போய்த் திரும்பியது.

அறுபத்து மூன்றில், தோரணையாகக் கால்மேல் கால் போட்ட பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு மல்லாந்தார். அங்கேயும் வெளிச்சம் தடுமாறியது.

மஞ்சுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் வராததுமாக அப்பா போடும் கூச்சல்தான் காதில் கேட்டது. “ஒரு லைட்ட ஆடாம புடிக்கத் தெரியல, நீயெல்லாம் இன்னாத்துக்கு வர்ற?” அம்மா, லைட்டின் சூடு பட்ட உள்ளங்கையைத் தண்ணீர்ச் சொம்பில் வைத்துக்கொண்டிருப்பாள்.

டீயோடு வந்தவர் மகளின் முகத்தைப் பார்த்து நின்றார்.

“இன்னா நைனா இது?” மஞ்சு திரையைக் காட்டினாள். “அம்மா உசுரோட இருக்கசொல்ல திட்டித் தீத்த. செத்தும் உடமாட்டியா? எங்கெங்க தப்பு பண்ணிச்சுன்னு நிமிஷம், செகண்டோட எழுதி வெச்சிக்கினு கீற!”

“மஞ்சு...”

“பேசாத. இதுக்கா உனக்கு நான் கட்டம் போட்டுக் குடுத்தேன்? நீ எங்கூட வரவே வேணாம். இந்த லிஸ்டக் கட்டிக்கினு இங்கியே கெட!”

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அப்பாவாவது மிச்சம் இருக்கிறாரே என்றுதான் காலையில் பொன்னேரியில் பஸ் ஏறி வந்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை என்று ஆனதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாலமன் தடுக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் பூசிய ஒன்றைத் திறந்தார்.

“ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போ மா.”

செருப்பில் கால் நுழைத்தவள் நின்ற இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள். மணமேடைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆடு தலையை நீட்டி, மாப்பிள்ளையின் மாலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, ஐயருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் குலுங்கிக் குலுங்கி, அடங்கி, மறுபடியும் குலுங்கியது.

“இந்தப் பாட்டெல்லாம் நான் அப்பால போட்டது. அவ சத்தம் எதுலியும் இல்ல. மூஞ்சியும் இல்ல” என்றார் சாலமன். “நல்லவேள, நான் அவ்ளோ திட்டியும் ஆடாம புடிக்கல.”

ஆட்டையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, திரையில் குலுங்கும் வெளிச்சத்தின்மேல் விரலை வைத்தார்.

“பாரு மஞ்சு, உங்கம்மா சிரிக்கிறா.”