ருவைஸ் தொண்டர் படை

“உங்க பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்” என்று சொல்லி, டைப் அடித்த தாள்களைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார் சேதுமாதவன். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டுப் போட்டுப் படுத்திருந்த கார்மேகம், அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

வேண்டாம் என்று தோளைத் தொட்டுப் படுக்கவைத்தார். எட்டு மாதமாக ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகிய ஆள்தான். அன்றைக்கு அப்படிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

1979. அரபு நாட்டுப் பாலைவனத்தில், கடலோரமாக ருவைஸ் எண்ணெய் ஆலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். தீப்பிடித்தால் வெளியிலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும் என்பதால், வேலை செய்கிறவர்களிலிருந்தே ஆள் எடுத்து ஒரு தொண்டர் பாதுகாப்புப் படை அமைக்கக் கம்பெனி முடிவு செய்தது.

ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்டாக இருந்த சேதுமாதவன், திருச்சியில் ஊர்க்காவல் படையில் இருந்தவர். எழுபத்தொன்று யுத்தத்தில் தெருத் தெருவாக விளக்கை அணைக்கச் சொல்லிக்கொண்டு போன அனுபவம் உண்டு. அவரையே தலைவராகப் போட்டார்கள்.

நோட்டீஸையும் அவரே எழுதினார். விருப்பம் உள்ளவர்கள் வரலாம், இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தார். தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப்பில் அதைப் படித்துச் சொல்லும் வேலையை, அங்கே மேற்பார்வை பார்த்த கேம்ப் பாஸிடம் விட்டார்.

ஆபீஸ்காரர்கள் பதினைந்து பேர் உற்சாகமாகப் பெயர் கொடுத்து, இரண்டாவது வாரமே நாலு பேராகக் குறைந்தார்கள். லேபர் கேம்ப்பிலிருந்து வந்த நாற்பது பேர் அப்படியில்லை. டியூட்டி முடிந்து, சாப்பிடாமல்கூட வந்து வரிசையில் நின்றார்கள். ஒருத்தர்கூட ஒருநாளும் தவறியதில்லை.

கமுதிப் பக்கத்து ஆளான கார்மேகம் ஒருநாள் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். ரூமுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார் சேதுமாதவன். ரிஜிஸ்டரில் தன் பேருக்கு நேரே டிக் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவன் நகர்ந்தான். அந்தப் பற்றைப் பற்றி அபுதாபியில் இருந்த மனைவி பத்மாவிடம் வாய் ஓயாமல் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெயின்ட் கிடங்கு பற்றிக்கொண்டது. உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

முன்னால் ஓடியிருக்க வேண்டிய சேதுமாதவன் தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். விசில் வாயில் இருந்தது, ஊத மூச்சு வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்மேகம் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை உள்ளே போய், இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டாவது தடவை வரும்போது அவன் கைகள் வெந்திருந்தன.

எல்லாம் அடங்கி மேனேஜர் வந்தபோது, சேதுமாதவன் ஆட்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல தலைமை என்று மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மறுத்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது பாராட்டினால் காது மடல் சுட்டது. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப் போனதும் இரண்டு தடவை நடந்தது.

இதற்கிடையில், இந்தப் படையை என்ன செய்யலாம், நிரந்தரமாக்கலாமா, வேறு இடங்களுக்கும் கொண்டுபோகலாமா என்று மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். தான் எழுதிய அந்த அறிக்கையைத்தான் இப்போது கார்மேகத்துக்குப் படித்துக் காட்டினார்.

ஒவ்வொரு லேபர் கேம்ப்பிலும் இதேபோல் ஒரு படை வேண்டும், இதே முறையில் ஆள் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கூலிக்கு நிற்கிறவர்களைவிட மனம் உவந்து வருகிறவர்களே ஆபத்தில் நிற்பார்கள் என்பதற்குக் கார்மேகமே சாட்சி என்றும் எழுதியிருந்தார். கடைசிப் பத்தியை மட்டும் தலை நிமிராமல் படித்தார். தீப்பிடித்த அன்று தான் லாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாகவும், தலைவராக இருக்கத் தனக்குத் தகுதியில்லை என்றும் அதில் இருந்தது.

“பயந்துட்டேன், கார்மேகம். நீங்க உள்ள போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். மன்னிச்சிடுங்க.”

கார்மேகம் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தனக்கும் அன்றைக்குக் கால் வெடவெடத்தது என்றும், இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்றும் மெல்லச் சொன்னான்.

“அப்புறம் எப்படிப் போனீங்க?”

“போகாம இருக்க முடியுமா சார்?”

சேதுமாதவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது. அறிக்கையை நேற்றே அனுப்பியாகிவிட்டது, மேனேஜருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று, அப்படியே நடைமுறைக்கு வந்துவிடும் என்று சொன்னார். எதுவாக இருந்தாலும் தயங்காமல் கேட்கும்படியும் சொன்னார்.

கார்மேகம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டான்.

“இதுல சேராட்டி ஊருக்கு ஏத்தி விட்ருவோம்னு கேம்ப் பாஸ் சொன்னாகளே, அது இனிமேலும் உண்டா சார்?”