சேற்றுக்குள் ஒரு ஜெபம்

கோடையில் குளம் வற்றியதும் ஒரு விரால் மீன் மட்டும் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைத்தது. "ஆண்டவரே, மழை தருவேன் என்றீரே, தாரும்" என்று தினமும் ஜெபித்தது.

பக்கத்து வளையிலிருந்த நண்டுக்கு அலுத்துவிட்டது. "கேட்டதையே எவ்வளவு நாள்தான் கேட்பாய் தங்கச்சி? அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது."

"விழும் அண்ணே. அவர் கொடுத்த வாக்கை நினைத்துத்தான் மூச்சு ஓடுகிறது. இன்னும் ஒருதரமாவது தண்ணீரில் புரள வேண்டும்."

சேறு இறுகி வெடித்தது. ஒருநாள் அந்தக் குரல் கேட்கவில்லை. "தங்கச்சி!" என்று வெடிப்புக்குள் எட்டி அழைத்தது நண்டு. பதில் இல்லை. பதறிப்போய், முதன்முறையாக வானத்தைப் பார்த்துக் கொடுக்குகளைக் கூப்பியது.

"ஆண்டவரே, அவள் கேட்ட மழையைக் கொடுத்துவிடும்."

அதன் முதுகில் ஒரு துளி விழுந்தது.

மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "ஆமென்."