லென்ஸ் மேல் ஒரு பொட்டு

லேப்டாப்பின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தது. கேமரா லென்ஸின் மேல், மில்லிமீட்டர் பிசகாமல்.

"மூணாவது தடவ சார்," என்றான் ஷானவாஸ்.

சீனிச்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிற ஷானவாஸுக்குப் பொட்டு புதிதல்ல. ஜீப், தராசு, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மோட்டார் எல்லாமே அந்தப் பக்கம் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். லேப்டாப் மட்டும் என்ன விலக்கு? "மூடி மேல வைங்க, காத்துப் போற ஓட்டையில வேண்டாம்" என்று அவனே இடம் காட்டிக் கொடுப்பான். லென்ஸில் வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

சிங்கப்பூரிலிருக்கும் சீனிச்சாமியின் மகள் முனீஸ்வரி போனிலேயே சொல்லி வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. பதினைந்து நாள் முன்னால் காமயகவுண்டன்பட்டியில் இந்த வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, மெமரியை இரண்டு ஜிபியாக்கி, வைரஸ் தடுப்பு, தமிழ் எழுத்து, வீடியோ கால் எல்லாம் போட்டுக் கொடுத்தவன் ஷானவாஸ்தான். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சீனிச்சாமி ஒவ்வொன்றையும் நோட்டில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். முதல் நம்பர்: 'மூடியைத் திறக்கவும்.' அவர் மனைவி மலையம்மாள் காபியும் முறுக்கும் கொடுத்தாள்.

சாயங்காலம் திரையில் மகள் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆத்தா, தினமும் இதே நேரத்துக்கு வந்து உக்காரு. ஒன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்," என்றாள்.

நாலாம் நாளே முகம் போய்விட்டது. குரல் மட்டும் வருகிறது, படம் ஒரே இருட்டு என்று முனீஸ்வரி கடைக்குப் போன் போட்டாள். ஷானவாஸ் டவுன் பஸ் பிடித்து வந்து பார்த்தால், பொட்டு. பொட்டை அழிப்பதை நல்லதாக நினைக்க மாட்டார்கள் என்பதால் அனுமதி கேட்டுக்கொண்டு துடைத்தான். மகளிடம் தூசி என்று சொல்லி வைத்தான்.

அன்று சாயங்காலமே மறுபடி இருட்டாம். அடுத்த வாரம் மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி பொட்டு, மறுபடி தூசி.

வாங்கி ஒரு மாதத்துக்குள் ரிப்பேர் என்றால் குற்றம் பொருளின் மேல் அல்ல, போட்டுக் கொடுத்தவன் மேல்தான் என்பது கம்பத்தில் எழுதப்படாத சட்டம். கடை முதலாளி அமானுல்லா அந்தச் சட்டத்தைக் காலையில்தான் வாசித்துக் காட்டியிருந்தார். முனீஸ்வரியின் சிநேகிதிகள் இரண்டு பேர் அவர்கள் கடையிலேயே லேப்டாப் வாங்க இருந்தார்கள்.

"இன்னொரு தடவ இருட்டுன்னு போன் வந்துச்சு, ரெண்டு ஆர்டரும் போச்சு. அப்புறம் நீ யாருக்கும் எதுவும் போட்டுக் குடுக்க வேணாம். கவுண்டர்ல உக்காந்து பில்லுக் கிழி," என்றார்.

அந்தச் சூட்டோடுதான் ஷானவாஸ் வந்திருந்தான்.

"படிச்சவுக நீங்க. பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலயா? அங்கன ஒங்க மக அம்மா மொகத்தப் பாக்கணும்னு ஏங்கிக் கெடக்காக."

சீனிச்சாமி உள்ளே போய்க் காபியோடு வந்தார். ஒரு வாய் குடித்த ஷானவாஸ் டம்ளரைக் கீழே வைத்தான். சீனியே இல்லை. போன இரண்டு தடவையும் இதே காபிதான், இவரேதான் கொண்டுவந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுவரைப் பார்த்தான். ஒரு உலகப்படம், ஒரு காலண்டர். காலண்டரிலும் திராட்சைக் குலைதான். சாமி படம் ஒன்றுகூட இல்லை.

"சார், இந்தப் பொட்ட வச்சது யாரு?"

"நாந்தான்."

"சாமி கும்புடுவீகளா?"

"முப்பது வருசமாச்சு."

 சீனிச்சாமி எழுந்து உள் அறைக் கதவைத் திறந்தார்.

கட்டிலில் மலையம்மாள் சாய்ந்திருந்தாள். வலது கையில் தோள் வரை மாவுக்கட்டு. முகத்தில் ஒரு பாதி வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"நீ போட்டுக் குடுத்துட்டுப் போன மூணாம் நாளு, பஸ் படியில கால் வழுக்கிருச்சு தம்பி," என்றாள். "அவளுக்குத் தெரிஞ்சா வயித்தத் தூக்கிக்கிட்டு அடுத்த பிளேன் ஏறிருவா."

"கேமராவ மட்டும் எப்படி ஆஃப் பண்றதுன்னு நோட்டுல இல்ல," என்றார் சீனிச்சாமி, ஏதோ கோப்பில் பக்கம் விட்டுப்போனதைச் சொல்வது போல. "காகிதத்த ஒட்டுனா ஏன்னு கேப்ப. பொட்டுன்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னுதான் இவ குங்குமத்த எடுத்தேன்."

ஷானவாஸ் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு இடத்தில் தட்டினான். கேமரா தூங்கப் போனது. பிறகு, இந்த முறை அனுமதி கேட்காமலே, பொட்டை ஈரத் துணியால் துடைத்தான்.

"கட்டு எப்பப் பிரிப்பாக?"

"இன்னும் ஆறு வாரம் ஆகும்னாரு டாக்டரு."

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர்.

"அண்ணே, சரியாயிருச்சா? இன்னைக்காவது அம்மாவப் பாக்கலாமா?"

ஷானவாஸ் ஒரு முறை மலையம்மாளைப் பார்த்தான். ஒரு முறை அமானுல்லாவை நினைத்துக்கொண்டான்.

"இல்லம்மா, தூசின்னு சொன்னது பொய்யி. மெமரி மாட்டுறப்ப நாந்தான் கேமராவக் கெடுத்துட்டேன். பார்ட்டு சென்னையிலருந்து வரணும், சரியா ஆறு வாரம் ஆகும்."