பயிற்சியில் முதலிடம்

ராணுவம் இமைக்குள் பொருத்திய இருட்டுக்கண்ணைக் கழற்ற முடியாது. ஹவில்தார் துளசிநாதன் விடுப்பில் வேலூருக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

மகள் இதழினி கண்ணாமூச்சி ஆடக் கூப்பிட்டாள். ஓடிப்போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். துணியைத் தாண்டி அவளுடைய உடல்சூடு பச்சை உருவமாக ஒளிர்ந்தது.

“எங்க போச்சு என் தங்கம்?” என்று கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார்.

பயிற்சியில் அவர்தான் முதலிடம். ஒளிந்திருக்கும் உருவம் தென்பட்ட நொடியே, யோசிக்காமல் துப்பாக்கி விசையை அழுத்தியாக வேண்டும். விரலுக்கு அது நன்றாகவே பழகிப்போயிருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் இதழினி திரையை விலக்கிக்கொண்டு தானே வெளியே வந்தாள்.

“என்னைத் தேடுறப்ப மட்டும் ஏம்ப்பா கைய அக்குள்ல வச்சு இறுக்கிக்கிற?”

“குளிருதும்மா” என்றார், வேலூர்ச் சித்திரை வெயிலில்.