நல்ல வயிறு

பக்கத்து வீட்டு ரெஜினாவின் குழந்தை மருத்துவமனையில் கிடந்தது. கடைப் பண்டங்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் நானோ துகள்கள், ஊரார் வயிற்றிலிருந்த நல்ல பாக்டீரியாவை அழித்துவிட்டிருந்தன. அந்த பாக்டீரியா மிச்சமிருக்கும் ஒருவரின் மலம் இன்றைக்குள் கிடைத்தால், மருந்து செய்து குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். மூச்சுச் சோதனையில் தேறியவர் மாத்ருபூதம் ஒருவர்தான். கடைப் பண்டம் எதையும் தொடாமல், கல்யாண வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் வீட்டுச் சோறு கொண்டுபோகிற மனிதர்.

"இன்னைக்கே வேணுமாம். நீங்க என்னடான்னா நாலு நாளா வெறும் தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி அன்னபூரணி.

"சஷ்டி விரதம்டி. ஒரு வருஷம்கூட விட்டதில்ல."

"எதைக் கேட்டாலும் இல்லைங்கிற மனுஷன். இதுகூடவா இல்ல?"

அவர் எரிச்சலோடு எழுந்து பூஜையறைக்குப் போனார். முருகன் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். கையில் கட்டியிருந்த காப்பை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து, தட்டின் முன் உட்கார்ந்தார்.

அன்னபூரணிக்கு இப்போது பயம் வந்துவிட்டது. "சாமி கோவிச்சுக்காதா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கீரைய நெறையப் போடு. அந்த ரெஜினா பொண்ணு வாசல்லயே நிக்குது."