விரிசல் விடாத சிறுநீரகம்

மின்னியாபொலிஸ் ஆய்வுக்கூடத்தில், நான்கு மாதமாகக் கண்ணாடிபோல் உறைந்து கிடந்த மனிதச் சிறுநீரகத்தை ஆர்லிஸ் சூடாக்கினாள்.

"இதுவும் விரிசல் விட்டா கூடத்தையே மூடிடுவாங்க. அப்புறம் நாம ஏரி ஐஸைத் துளைச்சு மீன் பிடிக்க வேண்டியதுதான்," என்றார் கூட வேலை செய்யும் டுவைட்.

விரிசல் விடவில்லை. ரத்தம் ஏற்றியதும் சிறுநீர் சொட்டியது.

"வேலை செய்யுதும்மா! ஏன் கல்லு மாதிரி நிக்கிற? சிரியேன்!"

"இது நம்மகிட்ட எப்படி வந்துச்சு, டுவைட்?"

"பனிப்புயல்ல விமானம் லேட். நேரம் தாண்டிடுச்சு, இனிமே பொருத்த முடியாதுன்னு ஆஸ்பத்திரியில நமக்குத் தள்ளிவிட்டாங்க. யாருக்கோ வந்ததாம்."

"என் வீட்டுக்காரருக்கு," என்றாள் ஆர்லிஸ். "இது நாலு மாசம் தாங்கிடுச்சு. அவர் ஒன்பது நாள்தான் தாங்கினார்."