எழுபதுக்குக் கீழே

"எழுபதையே எடுத்துடுங்க அக்கா. ஐம்பதை வாங்கிட்டுப் போய், அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்றான் எர்மெக்.

"ஐம்பது வேணாம்னு நானேதான் சொன்னேனே" என்றாள் மீரிம். "அதுல மெமரி ஆறுதான். எங்க ஆட்டத்துக்குப் பத்தாது."

"அப்ப எழுபது."

"எழுபதும் வேணாம்."

எர்மெக்குக்கு இது விளங்கவே இல்லை. பிஷ்கெக் நகரத்துக் கடைகளில் கிராபிக்ஸ் கார்டின் கடைசி இரண்டு எண்ணைச் சொல்லித்தான் லேப்டாப்பைக் கேட்பார்கள். ஐம்பது, அறுபது, எழுபது. இரண்டைத் தள்ளிவிட்டால் மிச்சம் ஒன்றுதானே? அதை ஏன் இவள் வாயைத் திறந்து கேட்க மாட்டேன் என்கிறாள்?

அவனாகவும் சொல்ல முடியாது. அறுபது உள்ளே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம்பரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடு, கேட்காதவர் தலையில் எழுபதைக் கட்டு என்பது முதலாளியின் உத்தரவு. முதலாளி கல்லாவில்தான் இருந்தார், காதைத் தீட்டிக்கொண்டு.

"எழுபதுக்கு என்ன குறைச்சல்? பெரிய கார்டு அக்கா."

"பேருதான் தம்பி பெரிசு." மீரிம் அந்த ஒல்லியான லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். "கார்டுக்கு எவ்வளவு கரண்ட் விடலாம்னு லேப்டாப் செய்யறவன் முடிவு பண்றான். இது மெலிசு. விசிறி சின்னது, சூடு தாங்காது. அதனால ஐம்பத்தஞ்சு வாட்தான் விடறான். பந்தயக் குதிரையை வாங்கி அரை வயித்துக்குப் புல்லு போட்ட மாதிரி. இதுக்கு அடுத்த கீழ் கார்டு ஒரு தடிச்ச லேப்டாப்புல உட்கார்ந்து நூத்திப்பதினஞ்சு வாட் குடிச்சா, இதை முந்திட்டு ஓடும். மெமரியும் ரெண்டுலயும் எட்டுதான்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. அது எர்மெக்குக்கும் தெரியும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"விளையாடறது யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"நான்தான். சனிக்கிழமை போட்டி. எங்க டீம்ல அஞ்சு பேரு, அதுல என் லேப்டாப்புதான் திக்கும். போன தடவை என்னாலதான் தோத்தோம். இந்தத் தடவையும் திக்கினா எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுடுவாங்க." அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். "திரையில வினாடிக்கு ஐம்பத்தொன்பது படத்துக்கு மேல ஓடணும்."

"ஐம்பத்தொன்பதா? அது என்ன கணக்கு?"

"அது ஒரு கணக்கு."

"சரி, உங்களுக்கு எதுதான் வேணும்?"

மீரிம் கொஞ்சம் யோசித்தாள். "எழுபதுல பத்தைக் குறைச்சுப் பாரேன்."

"பத்தாயிரமா?" கல்லாவிலிருந்து முதலாளி அலறினார். "ஆயிரம் சோம் கூடக் குறைக்க முடியாதும்மா!"

"விலையைக் குறைக்கச் சொல்லலைங்க! வேணும்னா ஐம்பதோட பத்தைக் கூட்டிக்குங்க."

"குறைச்சும் கேக்கறா, கூட்டியும் கேக்கறா" என்று முதலாளி தலையில் கை வைத்தார். "எர்மெக், இவங்களை நீயே பாத்துக்க."

எர்மெக்குக்கு இப்போது பாவமாக இருந்தது. இவ்வளவு தெரிந்தவள் எழுபதோடு போனால் அது அநியாயம். மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நம்பரை மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அடுத்த நிமிஷம் பெட்டி உங்க கையில. இருக்கறது ஒண்ணுதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறு தம்பி" என்றவள், மறுபடியும் விசிறியைப் பற்றி ஆரம்பித்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். மீரிம் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"தம்பி, அறுபது இருக்கா? தடிச்சது. நூத்திப்பதினஞ்சு வாட்."

எர்மெக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, இந்த அக்கா முதல்ல வந்தாங்க. அரை மணி நேரமா நிக்கறாங்க."

"நின்னா சரி. அறுபது வேணும்னு கேட்டாளா?"

"கேக்கல, ஆனா..."

"அப்ப என்ன ஆனா? எடுத்துக் கட்டு."

"கேட்டவருக்குக் குடுடா!" என்றார் முதலாளி.

எர்மெக் மீரிமைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசினால் போதும், முதலாளியிடம் சண்டை போடக்கூட அவன் தயார். அவளோ தலையைக் குனிந்து நின்றாள். இருந்த ஒரே பெட்டியை வேறு வழியில்லாமல் கொண்டுவந்து வைத்தான்.

"பில் யார் பேர்ல?" என்றான் வெறுப்போடு.

"அல்த்மிஷ்பாய்னு போடு."

"பணம்?"

"பணம் அந்தப் பொண்ணு குடுக்கும்."

எர்மெக்கின் பேனா அப்படியே நின்றது.

பெரியவர் பெட்டியைத் தூக்கி மீரிமின் கையில் வைத்தார். "கார் நிறுத்த இடமே கிடைக்கலம்மா, ரெண்டு தெரு சுத்திட்டேன்" என்றவர், எர்மெக்கிடம் திரும்பினார். "எங்கப்பாவோட அறுபதாவது வயசுல பொறந்தேன்னு எனக்கு அல்த்மிஷ்பாய்னு பேரு வச்சுட்டாங்க. நம்ம பாஷையில அல்த்மிஷ்னா அறுபது, உனக்கு நான் சொல்லணுமா? மருமக வாயால மாமனார் பேரைச் சொல்லக் கூடாதில்லையா தம்பி, அதான் இவளுக்கு அறுபது வேணும்னா சொல்றதுக்கு நானே கூட வந்துடறேன்."